ஏழாவது விளக்கு எரியவில்லை

ஷெஃபீல்ட்
8 செப்டம்பர் 1985

அன்புள்ள நெவ் அண்ணனுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே சிறையில் கொடுத்திருக்கும் மெத்தையைப் பற்றி நீ சொன்னதிலிருந்து இங்கே என் கட்டிலில் படுக்கவே கூச்சமாக இருக்கிறது. போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு இருமல் விடவில்லை, வாயும் குறையவில்லை. நிலக்கரிச் சுரங்க வாசலில் புது வேலி போட்டிருக்கிறார்கள். வேலைநிறுத்தத்தில் உன்னோடு நின்றவர்களில் பாதிப் பேர் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். மீதிப் பேரை நிர்வாகம் கூப்பிடவே இல்லை. இரண்டு தரப்பும் உன்னைத்தான் விசாரிக்கிறது.

இப்போது சேதி. 'விளக்கேற்றிகள்' தொடரைக் கம்ப்யூட்டர் விளையாட்டாகப் போடும் உரிமையை எங்கள் முதலாளி பாஸ்க் வாங்கிவிட்டார். அதற்கான புரோகிராமை எழுதப்போவது நான். நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாம் இருவரும் டிவிக்கு முன்னால் எப்படி உட்கார்ந்திருப்போம்! கப்பலின் சுவர் அட்டை என்று பார்த்தாலே தெரியும், கதவைச் சாத்தினால் ஆடும். அப்பா சிரிப்பார். நீ அவரோடு சண்டைக்குப் போவாய். வானத்தின் கோடியில் அணைந்து கிடக்கும் வழிகாட்டி விளக்குகளைத் தேடித் தேடி ஏற்றும் பழுதுபார்க்கும் கப்பல். அதன் கேப்டன் மோர்வென்னா. அப்போது எனக்குப் பத்து வயது. பொம்பளை கேப்டனாக இருக்கலாம் என்பதை அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

விளையாட்டிலும் அதேதான். ஏழு விளக்குகள். ஏழாவதும் எரிந்தால் வழிதவறிய கப்பல்கள் எல்லாம் வீடு திரும்பும். கஷ்டம் என்னவென்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இடம் நம் பழைய சமையலறை மாதிரி. ஒரு சாமானைப் புதிதாக வைக்க வேண்டுமென்றால் இன்னொன்றை வெளியே எடுத்தாக வேண்டும். அக்டோபர் நடுவில் முடித்துக் கேட்கிறார், கிறிஸ்மஸுக்குக் கடையில் இருக்க வேண்டுமாம். ஒழுங்காகச் செய்தால் இதைப்போல இரண்டு மடங்கு காலம் ஆகும். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது.

அடுத்த பார்வை நாளில் வருகிறேன். அதுவரை உடம்பைக் கவனி.

உன் தங்கை
ஹேசல்


22 செப்டம்பர்

அன்புள்ள ஹேசல்,

சுகம்தான். முதுகு முதுகாகவே இருக்கிறது. இந்த ஒரு தாளுக்கு மேல் எழுதக் கூடாது. அனுப்புவதற்கு முன் ஒருவர் படித்துப் பார்ப்பார். அவருக்கும் என் வணக்கம்.

சேதியைப் பக்கத்துக் கட்டில் டாமியிடம் சொன்னேன். அவனும் அந்தத் தொடரை விடாமல் பார்த்தவனாம். ஒரு வாரமாக இங்கே கேப்டன் மோர்வென்னா பேச்சுதான். டாமி உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னான்: அவள் கையில் துப்பாக்கி கொடுத்துவிடாதே. ஒரு தடவைகூட அவள் அதைத் தொட்டதில்லை. வியாபாரி கேட்பான், கொடுக்காதே.

சாப்பாடு பரவாயில்லை. முட்டைக்கோஸுக்கு ஒரு நிறம் உண்டு என்பது மட்டும் மறந்துபோய்விட்டது. நான் நன்றாகச் சாப்பிடுவதாக அம்மாவிடம் சொல். வேறு புதிதாக ஒன்றுமில்லை.

நெவ்


ஷெஃபீல்ட்
20 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ இளைத்துப் போயிருக்கிறாய். போன வாரம் நேரில் கேட்டதற்குச் சட்டை பெரிது என்று சமாளித்தாய். உன் கழுத்தும் சட்டையா?

முடித்துவிட்டேன், நெவ். விளையாட்டைக் கேசட்டில் பதியும் இடத்துக்குப் போய்விட்டது. டாமி சொன்ன மாதிரியே பாஸ்க் துப்பாக்கி கேட்டார். "சுடாம எப்படிம்மா விளையாடுவாங்க?" என்றார். அவள் கையில் ஒரு திருகுச்சாவியைக் கொடுத்து, பழுதுபார்ப்பதையே கஷ்டமான விளையாட்டாக மாற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்தார். தோற்றார். மறுபடி ஆடினார். அப்புறம் துப்பாக்கிப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசி வாரத்தில் இன்னொரு சண்டை. அடுத்து வரப்போகும் விளையாட்டுக்கு ஒரு விளம்பரப் படத்தையும் இதற்குள்ளேயே சேர்க்கச் சொன்னார். ஒரு துளி இடம் இல்லை, முடியாது என்றேன். விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். நான் உன்னைப் பார்க்க வந்த அன்று லீவு எடுத்ததில் அவருக்குக் கொஞ்சம் கோபம். அது கிடக்கட்டும்.

ஏழாவது விளக்கு எரியும்போது திரை முழுவதும் சின்னச் சின்னக் கப்பல்களாகத் திரும்பி வரும். அதை நீ பார்க்க வேண்டும். முன்கூட்டியே விடுதலை கொடுக்கும் பரோல் குழு நவம்பரில் கூடும் என்றாயே, அங்கே நல்லபடியாகப் பேசு. உன் நாக்கைக் கொஞ்சம் கட்டி வை.

சீக்கிரம் பதில் போடு.

ஹேசல்


ஷெஃபீல்ட்
24 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. காய்ச்சலா? பரோல் குழு என்ன சொன்னது? அம்மா உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவதாகச் சொல்கிறாள்.

என் கதையைச் சொல்கிறேன். விளையாட்டு கடைக்கு வந்தது. ஏழாவது விளக்கு எரியவில்லை.

முதலில் என் தப்பு என்றுதான் நினைத்தேன். கடையில் விற்கும் கேசட்டை வாங்கிவந்து பிரித்துப் பார்த்தேன். அந்த விளம்பரப் படம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நான் இல்லாத ஒரு நாளில், அலுவலகத்தில் வேறு யாரையோ வைத்து பாஸ்க் அதைத் திணித்திருக்கிறார். அதை வைக்க இடம் தேடியவர்கள் ஏழாவது விளக்கு இருந்த இடத்தின் மேல் வைத்துவிட்டார்கள். ஆறு விளக்கை ஏற்றிக் களைத்துப்போய் ஒருவர் கடைசி அறைக்கு வந்தால், அங்கே ஒன்றுமே இல்லை. கதவு சாத்திக்கொள்ளும். வெளியே வரவும் முடியாது.

பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டன. ஒருவர், அட்டைச் சுவரைத் தவிர தொடரில் இருந்த எல்லாம் தொலைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். பெட்டிமேல் என் பெயரைச் சின்னதாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பத்திரிகைக்காரர் பெரிதாகப் போட்டுவிட்டார்.

அலுவலகத்துக்குச் சாக்குச் சாக்காகக் கடிதம் வருகிறது. கிரிம்ஸ்பியில் சலவைக்கடை வைத்திருக்கும் ஐரீன் போன்டாஃப்ட் என்ற அம்மாள், இதை எழுதியவரின் வீட்டுக் கதவும் இதேபோலச் சாத்திக்கொள்ளட்டும் என்று எழுதியிருக்கிறார். இதற்கெல்லாம் என்ன பதில் போட வேண்டும் என்று பாஸ்க் சொன்னார் தெரியுமா? 'வழி இருக்கிறது, கவனமாக மீண்டும் முயன்று பாருங்கள்.' இல்லாத வழியை மனிதர்கள் கிறிஸ்மஸ் முழுக்கத் தேட வேண்டுமாம்.

அது போதாதென்று, குறை என்னுடையது, நிறுவனம் வருந்துகிறது என்று பத்திரிகைக்கு ஒரு அறிவிப்புத் தயார் பண்ணி என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நீ என்ன சொல்கிறாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ஹேசல்


1 டிசம்பர்

அன்புள்ள ஹேசல்,

நான் சுகம். எழுதாததற்குக் காய்ச்சல் காரணமில்லை. எழுத ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பரோல் காகிதங்கள் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கின்றன.

கையெழுத்துப் போட்டுவிடு.

நம் தெருவில் எத்தனை வீட்டில் சம்பளம் வருகிறது என்று நினைத்துப் பார். உனக்கு வேலை இருக்கிறது, அதுவும் கைவிரல் கறுக்காத வேலை. ஒரு துண்டுக் காகிதத்தில் உன் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். வீம்பு பிடிக்காதே.

நீ இல்லாத அந்த நாள் எது என்று நீ எழுதவில்லை. கணக்குப் போட எனக்கு இங்கே நேரத்துக்குப் பஞ்சமில்லை. இந்தப் பக்கம் வராமல் அன்றைக்கு நீ வேலைக்குப் போயிருந்தால் உன் விளக்கு எரிந்திருக்கும். இதையும் என் தலையில் போட்டுக்கொண்டு நான் இருக்க வேண்டுமா? கையெழுத்தைப் போட்டுவிடு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

நெவ்


ஷெஃபீல்ட்
8 டிசம்பர்

நெவ்,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கப்போவதில்லை.

நேற்று பஸ்ஸில் டாமியின் மனைவியைப் பார்த்தேன். உனக்குப் பரோல் மறுத்து மூன்று வாரம் ஆகிறதாம். காகிதம் சுற்றுகிறது என்று எனக்கு எழுதுகிறாய்! வேலைநிறுத்தத்தின்போது அந்தப் போலீஸ்காரர்மேல் கல்லெறிந்தது நீதான் என்று ஒப்புக்கொண்டு, வருத்தம் தெரிவித்தால் கிறிஸ்மஸுக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்களாம். நீ மாட்டேன் என்றாயாம். எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நீ எறியவில்லை என்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைத்துவிட்டு வா. அந்த நாலு சுவருக்குள் யார் கேட்கப்போகிறார்கள்? அம்மா ஏணிமேல் ஏறி உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டாள். அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?

நான் போடவில்லை. வெள்ளிக்கிழமை பாஸ்க் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். "இது என் தப்பு இல்லைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் யாரை ஏமாத்த இந்தக் காகிதம்?" என்றேன். "அப்போ திங்கக்கிழமை வராதே" என்றார். மேசையில் என் சாமான் அதிகமில்லை. ஒரு குவளையும் கம்பளிச் சட்டையும்.

ஆனால் அதற்கு முந்தின வாரமே ஒரு வேலை பார்த்துவிட்டேன். கேசட்டை ஓடவிடுவதற்கு முன் கம்ப்யூட்டரில் நாலைந்து வரி தட்டினால் அந்த விளம்பரப் படம் உள்ளே வராது. விளக்கு தன் இடத்தில் இருக்கும். எழுதிக் கேட்ட எல்லோருக்கும், முடிந்தவரை, பாஸ்க் சொன்ன பொய்யை எழுதாமல் இந்த வரிகளை எழுதி அனுப்பினேன். சலவைக்கடை அம்மாள் பதில் போட்டிருக்கிறார். விளக்கு எரிந்ததாம். என் வீட்டுக் கதவைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாராம். லீட்ஸ் கம்ப்யூட்டர் சந்தையில் அவர்கள் ஊர்க் கம்ப்யூட்டர் சங்கத்துக்கு ஒரு மேசை இருக்கிறது, அதில் ஒரு மூலையை எடுத்துக்கொள் என்கிறார். பாஸ்கும் அங்கே கடை போடுகிறார். போகிறேன்.

அடம் பிடித்த கழுதையே, உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹேசல்


15 டிசம்பர்

அன்புள்ள ஹேசல்,

மறைத்தது தப்புதான். எழுத உட்கார்ந்தால் அம்மா முகம் வந்து நிற்கிறது.

நடந்தது இதுதான். மூன்று பேர். நடுவில் இருந்தவர் நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தார். நான் எறியவில்லை என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கொஞ்சம் அன்பாகவே, "எறிஞ்சேன்னு ஒரு தடவை சொல்லுங்க இபட்சன். அப்புறம் வாழ்நாள் முழுக்க யாரும் உங்ககிட்ட அதைக் கேக்கப்போறதில்ல" என்றார்.

"யாரும் கேக்கமாட்டாங்கதான் ஐயா. நான் கேட்டுக்குவேனே" என்றேன்.

அவ்வளவுதான். ஆகஸ்டில் முழுத் தண்டனையும் முடிந்து வருவேன்.

உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னது, நான் மட்டும் நிமிர்ந்து நின்றுகொண்டு உன்னைக் குனியச் சொன்னதுதான். அதை விட்டுவிடு. டாமி உன் கையைக் குலுக்கியதாகச் சொல்லச் சொன்னான். அம்மாவுக்கு மட்டும் இப்போது தெரிய வேண்டாம். காகிதம் தாமதம் என்று சொல்லி வை.

லீட்ஸில் தைரியமாக இரு.

நெவ்


அம்மா வீட்டிலிருந்து
29 டிசம்பர்

அன்புள்ள நெவ்வுக்கு,

சுகமா? கிறிஸ்மஸ் எப்படிப் போனது? ஷெஃபீல்ட் அறையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிட்டேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. நானாகவே, அலுவலகத்தில் வேலை குறைவு என்று சொல்லி வைத்தேன். உன் காகிதம் தாமதம் என்றும் சொன்னேன். "அப்படியா" என்றாள். உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

லீட்ஸ் கதையைக் கேள். ஐரீன் அம்மாள் ஆறடி உயரம், சலவைக்காரிக்கு உரிய கை. என் கம்ப்யூட்டரையும் டிவியையும் மேசை மூலையில் வைத்தோம். அந்த வரிகளை அரைத்தாளில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். பாஸ்க் கடைக்கு நேர் எதிரே இடம் அமைந்துவிட்டது. அவர் கடையில் 'விளக்கேற்றிகள்' கோபுரமாக அடுக்கியிருந்தது. ஐரீன் அம்மாள் மேசைமேல் ஒரு அட்டையை நிறுத்தினார்: 'ஏழாவது விளக்கு இங்கே எரியும்.'

கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. அரைத்தாள்களை எடுத்து மறுபடி அடுக்கினேன். பிறகு ஒரு பாதிரியார் வந்தார். ஆமாம், பாதிரியார்தான், கழுத்துப்பட்டையோடு. அந்த அறையில் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டு கிடக்கிறேன், சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிவிட்டேன் என்றார். ஆறு விளக்கு ஏற்றிய இடத்திலிருந்து அவரையே ஆடச் சொன்னேன். ஏழாவது எரிந்தது. கப்பல்கள் திரும்பி வந்தன. அந்த மனிதர் அங்கேயே நின்று கைதட்டினார், நெவ். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு வரிசை சுவர்வரை போய் மடங்கிவிட்டது.

பாஸ்க் வந்தார். சந்தைக் காவலாளியையும் கூட்டிக்கொண்டு வந்தார். "என் சொத்தைத் திருடி விக்கிறா. வெளியே அனுப்புங்க" என்றார்.

"விக்கல" என்றேன். "கேசட்டை நகலும் எடுக்கல. அவங்க காசு குடுத்து வாங்கினதை வீட்டுல எப்படி ஓடவைக்கிறதுன்னு அரைத்தாள் குடுக்கிறேன்."

"விளையாட்டு யாருது?"

நான் எழுந்து நின்றேன். "பெட்டி உங்களுது. உரிமை உங்களுது. லாபமும் உங்களுதுதான். தப்பை மட்டும் எனக்குக் குடுத்தீங்க. குடுத்ததைத் திருத்திக்கிட்டிருக்கேன்."

காவலாளி அரைத்தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். இதில் திருட்டு எங்கே இருக்கிறது என்று பாஸ்கிடம் கேட்டார். பாஸ்க் வக்கீல் என்று ஏதோ சொன்னார். வரிசையில் யாரோ, வக்கீல் வரும்வரை எங்கள் பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். சத்தம் கூடிவிட்டது. அவர் தன் கடைக்கே திரும்பிப் போய்விட்டார். காவலாளி போகும்போது தன் தம்பிக்கு என்று ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தாள் தீர்ந்துவிட்டது. கடைசியில் ஐரீன் அம்மாளும் நானும் கையால் எழுதிக் கொடுத்தோம். என் பெயரை அடியில் போட்டேன். பெரிதாகவே போட்டேன்.

வக்கீல் கடிதம் இன்னும் வரவில்லை. வரும். வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

உனக்கு நல்ல புத்தாண்டு பிறக்கட்டும்.

ஹேசல்


12 ஜனவரி 1986

அன்புள்ள மகன் நெவிலுக்கு அம்மா எழுதுவது.

எனக்கு இருமல் தேவலை. உனக்கு முதுகுவலி என்று தெரியும், நீ சொல்லாவிட்டாலும். இதை உனக்கு முன்னால் படிக்கிற ஐயாவும் சுகமாக இருக்கட்டும். அவரும் ஒழுங்காகப் படித்துக்கொள்ளட்டும், ஒளிக்க ஒன்றுமில்லை.

நீயும் உன் தங்கையும் சேர்ந்து எனக்குக் காகிதக் கதை சொன்னது போதும். ஹேசலுக்கு வேலை போனது வாசலில் பெட்டியோடு அவள் இறங்கியபோதே தெரியும். உன் விஷயம் அதற்கும் முன்னாலேயே தெரியும்.

நவம்பர் தொடக்கத்தில், உன்னைப் பரோல் குழு கூப்பிடுவதற்கு முன்னால், ஒரு கனவான் இங்கே வந்தார். கைதிகள் நலனைப் பார்க்கிறவராம். நல்ல கோட்டு. தேநீர் கொடுத்தேன். கல்லெறிந்ததை ஒப்புக்கொள்ளச் சொல்லி உனக்கு நான் ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். தாய் எழுதினால் பிள்ளை இளகுவான் என்றார்.

"என் பையன் எறிஞ்சிருந்தா எறிஞ்சேன்னு தானே சொல்லியிருப்பான்" என்றேன். "சின்ன வயசுல பள்ளிக்கூடத்து ஜன்னலை உடைச்சிட்டு, யாரும் பாக்காதப்பவே தானே போய் நின்னவன். அடி வாங்கிட்டு வந்து என்கிட்டயும் சொன்னான். செஞ்சதை மறைக்காதவன் செய்யாததை எதுக்கு ஒத்துக்கணும்?"

"கிறிஸ்மஸுக்கு மகன் வீட்டுல இருக்க வேண்டாமா, திருமதி இபட்சன்?" என்றார்.

வேண்டும் என்றேன். அது உண்மைதானே. அவர் போன பிறகு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதவில்லை என்று உன்னிடம் பெருமை பேசமாட்டேன். எழுத ஆரம்பித்தேன். வா என்று எழுதினேன். அதை அடுப்பில் போட்டுவிட்டேன். அப்புறம், வராதே, ஒப்புக்கொள்ளாதே என்று எழுதினேன். அதையும் போட்டுவிட்டேன். வா என்றால் எனக்காகப் பொய் சொல்லுவாய். வராதே என்றால் எனக்காக உள்ளே கிடப்பாய். எதுவானாலும் அது உன் முடிவாக இருக்காது. அதனால்தான் அந்த மாதம் உனக்கு மழையைப் பற்றி மட்டும் எழுதினேன். சுண்ணாம்பு அடித்தது, கை சும்மா இருக்க முடியாமல்தான்.

நீ என்ன சொன்னாய் என்று ஹேசலிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவளிடம் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

அவளுடைய வக்கீல் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அரைத்தாள் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் கோர்ட்டாம். படித்துவிட்டுச் சிரித்தாள், ஆனால் முகம் வெளுத்துவிட்டது. சனிக்கிழமை மான்செஸ்டரில் அடுத்த சந்தை. சங்கத்தின் வண்டியில் ஐரீன் வந்து கூட்டிப்போகிறாள். போன வாரம் கிரிம்ஸ்பியிலிருந்து ஒரு பெட்டி மீன் அனுப்பினாள், தெரு முழுக்கச் சாப்பிட்டோம். வக்கீல் நேரிலேயே வருவார் என்று ஹேசல் சொல்கிறாள். நானும் போகிறேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரத் தெரியும்.

ஆகஸ்டில் வா. அதுவரை நான் எங்கேயும் போய்விடமாட்டேன்.

ஆசியுடன் அம்மா,
ஆக்னஸ் இபட்சன்